வெர்லின் ஹுபால் தூக்கிய அட்டை

"கோச் வீடு என்ன விலைக்கு வருது?" என்று போனில் கேட்டார் ஊர்ப் பல் டாக்டர்.

டோரீன் ஹுபால் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வால்பெக் ஊரில் வீடு விற்றுக் கொடுக்கிற தொழில் அவளுடையது. ஒரு வீடு விலைக்கு வருவது வீட்டுக்காரனுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். இது தெரியவில்லை.

"எந்தக் கோச்?"

"நம்ம கோச்தாம்மா, டிம்மர்மன். சர்ச்சுல பூசை முடிஞ்சு அந்த வழியா வந்தேன். முன்னாடி புல்லுல 'விற்பனைக்கு'ன்னு போர்டு நிக்குது. உங்க நம்பர் போட்டிருக்கு. உங்க போட்டோ வேற. நல்லாச் சிரிக்கறீங்க."

டோரீன் மேசையின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் வெர்லின் ஒரே இறைச்சித் துண்டை ரொம்ப நேரமாக வெட்டிக்கொண்டிருந்தான். துண்டு எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டது. இப்போது தட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

போனை வைத்தாள்.

"வெர்லின் ஜோசஃப் ஹுபால்."

முழுப் பெயர் வந்துவிட்டால் முழுசாக மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

"காலையில இடுப்பு வலி, பூசைக்கு வரலைன்னியே. அது என்ன இடுப்பு?"

"என் இடுப்புதான்."

"போர்டை அடிச்சு இறக்கறப்போ வலிக்கலையா?"

"இறக்கினப்புறம்தான் வலிச்சுது."

வால்பெக் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி முட்டி ஓடுகிற ஆட்டத்தில், தோற்றால் கோச் வீட்டு வாசலில் விற்பனைப் போர்டு முளைக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூட்டையைக் கட்டு என்று ஊர் மரியாதையாகச் சொல்கிற முறை அது. வெர்லினின் அப்பா அவர் காலத்துக் கோச்சுக்காகக் களஞ்சியக் கதவையே கழற்றி, தன் கையால் எழுதி நட்டவர். அந்தக் குடும்பத்தில் அது ஒரு பெருமை. வெர்லினுக்குப் பெருமை உண்டு, பொறுமை கிடையாது. கார் ஷெட்டில் மனைவியின் போர்டுகள் அடுக்கி இருந்தன. ஊர் முழுக்கப் பூசையில் இருந்தது. ஒன்றை உருவிக்கொண்டு போய் நட்டுவிட்டு வந்தான். போர்டில் அவள் முகம் தாம்பாளம் அளவுக்கு இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிற முகம். கண்ணில் படவில்லை.

"என் போர்டைத் தொடாதேன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொல்லியிருக்கே."

"அப்புறம்?"

"டோரீன், கண்ணு, நேத்து ஆட்டத்தை நீயும்தானே பாத்தே? நாலு வாய்ப்புக்குள்ள பந்தை முன்னாடி கொண்டுபோகணும். பத்து கஜம். என் கடைல ஒரு டிராக்டர் நிக்குது, அதுக்கு இஞ்சினே கிடையாது. மேட்டுல நிறுத்திப் பிரேக்கை எடுத்துவிட்டா அது போகும் பத்து கஜம். இந்த ஆளு என்ன பண்றாரு? முதல் வாய்ப்பு, நடுவுல முட்டு. ரெண்டாவது, நடுவுல முட்டு. மூணாவது என்ன?"

"நடுவுல முட்டு."

"நாலாவது?"

"பந்தை உதைச்சு எதிராளிகிட்டயே குடுத்துடறது."

"பாத்தியா! வீடு விக்கற உனக்கே தெரியுது. எதிராளிக்குத் தெரியாதா? நம்ம பசங்க எப்பேர்ப்பட்ட பசங்க! சோளக் காட்டுல வளந்தவங்க, தோள் ஒவ்வொண்ணும் கதவு மாதிரி. அவங்களைப் போய்ச் செவுத்துல முட்ட விடறாரே. வீசணும் டோரீன்! பந்து எதுக்கு இருக்கு? வீசறதுக்கு!"

மறுபடி போன் அடித்தது. கோச்சின் மனைவி கார்லா. டோரீன் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெர்லினுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகே போதும். முதலில் மன்னிப்புக் கேட்டது. அப்புறம் பேச்சு நின்றது. அப்புறம் முதுகு கொஞ்சம் தாழ்ந்தது.

திரும்பி வந்தாள். கோபம் போய்விட்டிருந்தது. அதுதான் வெர்லினுக்குப் பயமாக இருந்தது.

"வர்ற சனிக்கிழமை ஸ்டாண்டிஷ் கல்லூரிகிட்ட தோத்தா கோச்சை அனுப்பிடறதா கல்லூரில முடிவு பண்ணிட்டாங்களாம். 'போர்டைப் பிடுங்க வேணாம் டோரீன், அடுத்த ஞாயிறு எப்படியும் தேவைப்படும்'ங்கறா கார்லா. அழலை. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அந்த வீட்டு அடுப்படி ஜன்னல் அவளே மாட்டினது, தெரியுமா? அந்த வீட்டை நான் விக்கமாட்டேன், வெர்லின். போ. பிடுங்கு. மன்னிப்புக் கேளு. ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. நேரா வீட்டுக்கு வா."

போனான். பிடுங்கினான். மன்னிப்புக் கேட்டான். வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

ஒரு வார்த்தை பேசவில்லைதான். ஆயிரக்கணக்கில் பேசினான். கோச் ராய்ஸ் டிம்மர்மன் வெட்டின மரத்தூர் மாதிரி ஆள். வாயைத் திறக்கமாட்டார். திறக்காத வாய்க்கு முன்னால் வெர்லினின் வாய் மூடியதே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, புல்லில் கூழாங்கல் வைத்து, யார் எங்கே ஓட வேண்டும், யார் யாருக்கு வீச வேண்டும் என்று மூன்று வருஷத்து ஆத்திரத்தையும் கொட்டித் தீர்த்தான். கோச் கேட்டுக்கொண்டார். நடுவில் கார்லா வந்து, போன் என்று அவரை உள்ளே கூப்பிட்டாள். போய்விட்டு வந்தவர் வெர்லினை ஒரு மாதிரி பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் ஒரு வேலை கொடுத்தார்.

வெர்லின் வீட்டுக்குள் நுழையும்போதே நெஞ்சு அவனுக்கு முன்னால் நுழைந்தது.

"டோரீன்! சனிக்கிழமை நான் பன்னிரண்டாவது வரிசைல உக்காரப் போறதில்லை. மைதானத்துல நிக்கப் போறேன். கோச்சே கேட்டுக்கிட்டாரு!"

"அப்படியா!" என்றாள் டோரீன். ஆச்சரியப்பட வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆச்சரியப்பட்டாள். அதெல்லாம் அவன் கவனிக்கிற நிலைமையில் இல்லை.

"அட்டை பிடிக்கற பையனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சாம். கூட்டம் போடற சத்தத்துல கோச் குரல் பசங்களுக்குக் கேக்காதில்ல? அதனால ஓரமா நாலு பேர் நின்னு ஆளுக்கொரு பட அட்டையைத் தூக்குவோம். மூணு பேர் தூக்கறது பொய், எதிராளியைக் குழப்பறதுக்கு. ஒருத்தன் தூக்கறதுதான் நிஜம். பசங்க அவனை மட்டும்தான் பாப்பாங்க. அந்த ஒருத்தன் யாரு?"

"யாரு?"

"ஐயா!"

"என்ன படமெல்லாம்?"

"பன்னி வந்தா நடுவுல முட்டு. பருந்து வந்தா தூர வீச்சு."

"எதைத் தூக்கறதுன்னு நீ முடிவு பண்ணுவியா?"

"கோச் காதுல சொல்லுவாரு. நான் தூக்குவேன்."

"அவர் சொன்னதை."

"அவர் சொன்னதைத்தான்."

"நீ."

"ஏன், நான் சொல்பேச்சு கேக்கமாட்டேனா?"

டோரீன் எழுந்தாள். பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் சிரித்த மாதிரி இருந்தது. குழாயாகவும் இருக்கலாம்.

வாரம் முழுக்க வெர்லின் கடைக்கு வந்தவர்களிடம் டிராக்டர் பாகம் விற்கவில்லை, செய்தி விற்றான். பச்சைச் சட்டை கொடுத்தார்கள். முதுகில் 'வால்பெக் ஏர்க்காரர்கள்' என்று அணியின் பெயர் எழுதியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்குப் போனான். தபால் எதுவும் இல்லை. மறுநாளும் போனான்.

சனிக்கிழமை வந்தது. நெப்ராஸ்காவில் அக்டோபர் மாதத்து வெயில் சும்மா பார்க்கத்தான், சுடாது. மைதானத்துக்கு வெளியே பிக்கப் வண்டிகள் வரிசையாகப் பின்கதவைத் திறந்து நின்றன. ஒவ்வொரு பின்கதவிலும் ஒரு அண்டா. மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, தொட்டுக்கொள்ளப் பட்டை போட்ட இனிப்பு ரோல். அந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடத் தெரியாத வெளியூர்க்காரனை இந்த ஊர் நம்பாது. பேண்டு முழங்கியது. மூவாயிரம் பேர் வசிக்கிற ஊரில் நாலாயிரம் பேர் மைதானத்தில் இருந்தார்கள். எப்படி என்று கேட்கக்கூடாது. ஏர்க்காரர்கள் கடைசியாக ஸ்டாண்டிஷை ஜெயித்தபோது வெர்லினுக்குத் தலையில் முடி இருந்தது. அப்படியும் ஒரு இருக்கை காலியில்லை. அதுதான் வால்பெக்.

பசங்கள் ஓடி வந்தார்கள். வெர்லின் கையில் அட்டையோடு ஓரத்தில் நின்றான். இத்தனை வருஷம் மேலே இருந்து பார்த்த புல், கிட்டத்தில் வேறு பச்சையாக இருந்தது.

அந்தப் பெருமை முதல் பத்து நிமிஷம் நின்றது.

"பன்னி," என்றார் கோச். தூக்கினான். முட்டினார்கள். ஒரு கஜம்.

"பன்னி." தூக்கினான். முட்டினார்கள். அரைக் கஜம்.

"பன்னி."

"கோச், ஒரு பருந்து..."

"பன்னி."

தூக்கினான். மேலே பன்னிரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹோமர் ஸ்டாஸ்னி. வெர்லினுக்குப் பக்கத்து இருக்கைக்காரன், சேர்ந்து திட்டுகிற கூட்டாளி.

"டேய் வெர்லின்! அந்தப் பன்னியை இறக்குடா!"

"நானா சொல்றேன்? கோச் சொல்றாருடா!" என்று வெர்லின் கத்தினான். பேண்டு அதை விழுங்கிவிட்டது.

"பன்னி மேய்க்கறவனைக் கொண்டுவந்து நிறுத்தினா இப்படித்தான்!"

ஊரே சிரித்தது. அடுத்த பன்றிக்கு ஊரே ஊளையிட்டது. கோச்சைப் பார்த்து இல்லை. வெர்லினைப் பார்த்து. நேற்றுவரை அந்த ஊளைக்கு அவன்தான் முதல் குரல் கொடுப்பவன். எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாக இல்லை. ஆனால் சட்டை பச்சைச் சட்டை. முதுகில் ஊர்ப் பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு பன்றியை இன்னும் உயரமாகத் தூக்கினான்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஸ்டாண்டிஷ் ஓரத்தில் ஒரு குட்டை ஆள் தொலைநோக்கி வைத்துக்கொண்டு வெர்லினையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற மூன்று அட்டைக்காரர்களையும் அவன் சீந்தவில்லை. வெர்லின் தொப்பியை நேராக்கினான். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். ஒரு தடவை கையும் ஆட்டினான்.

அதற்கப்புறம்தான் விசித்திரம். வெர்லின் பன்றியைத் தூக்கினால் ஸ்டாண்டிஷ்காரர்கள் மொத்தப் பேரும் நடுவில் வந்து சுவர் வைத்தார்கள். அபூர்வமாகக் கோச் பருந்து என்று சொல்லி அவன் ஆசை ஆசையாகத் தூக்கினால், எல்லாரும் பின்னால் ஓடிப்போய்ப் பந்து விழுகிற இடத்தில் காத்திருந்தார்கள்.

"கோச்," என்றான் வெர்லின். "அவனுங்க உங்க மனசைப் படிக்கறானுங்க."

"அப்படியா?" என்றார் கோச். திரும்பி, எதற்கோ பன்னிரண்டாவது வரிசையைப் பார்த்தார். அங்கே டோரீன் இனிப்பு ரோல் தின்றுகொண்டிருந்தாள். தலையை மட்டும் லேசாக ஆட்டினாள்.

இப்படியே முட்டி முட்டி ஆட்டம் முடிகிற நேரம் வந்துவிட்டது. ஸ்டாண்டிஷ் பத்து, வால்பெக் ஆறு. ஆனால் பந்து ஸ்டாண்டிஷின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நாலே கஜம். ஏர்க்காரப் பசங்கள் சேற்றில் வண்டி இழுக்கிற மாடு மாதிரி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தார்கள். இருப்பது கடைசி வாய்ப்பு. உதைத்தால் மூன்று புள்ளி, போதாது. பந்தோடு கோட்டைத் தாண்டினால் ஆறு, தாண்டியே ஆக வேண்டும். தாண்டினால் ஸ்டாண்டிஷ் காலி. தாண்டாவிட்டால் கோச் காலி.

கோச் ஆட்டத்தை நிறுத்திப் பசங்களைக் கூப்பிட்டார். தலைக்கவசங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள வட்டமாகக் குனிந்து என்னவோ பேசினார்கள். அப்புறம் அவர் வெர்லினிடம் நடந்து வந்தார்.

"பன்னி."

"கோச், நடுவுல நிக்கறதைப் பாருங்க! அவனுங்க ஊர்ல மிச்சம் ஆளே இல்லை, எல்லாரும் இங்கதான் நிக்கறான்!"

"பன்னி, வெர்லின்."

"ஒரே ஒரு வீச்சு. மூலைல நம்ம பையன் தனியா..."

"வெர்லின்." கோச் அவன் தோளில் கை வைத்தார். "கார்லாவோட ஜன்னல் உன் கைல இருக்கு. பன்னியைத் தூக்கு."

மேலே டோரீன் எழுந்து கம்பி வேலி வரைக்கும் இறங்கி வந்துவிட்டாள். கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"வெர்லின்! அவர் சொன்னதைச் செய்! வாழ்க்கைல ஒரே ஒரு தடவை, சொன்னதைச் செய்!"

நியாயமாகச் சொன்னால், வெர்லின் பன்றியை எடுக்கத்தான் குனிந்தான். சத்தியமாகக் குனிந்தான். பன்றி அட்டை மேலாகக் கிடந்தது. அதைப் பார்த்தான். நாள் முழுக்க அதைத் தூக்கி நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருந்தான். பருந்து அடியில் கிடந்தது, அழுக்குப்படாமல். மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வந்தது பொய்யாகிவிடுமா? ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு நேரம் திரும்ப வருமா? கார்லாவின் ஜன்னலைக் காப்பாற்றத்தான், அதற்காகத்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். மனசு உடனே ஒத்துக்கொண்டது. அது எப்போதும் அப்படித்தான்.

தூக்கினான். தலைக்கு மேலே, கை வலிக்கிற உயரத்துக்கு. பருந்து.

எதிர்ப்பக்கம் தொலைநோக்கிக்காரன் துள்ளிக் குதித்துக் கத்தினான். ஸ்டாண்டிஷ்காரர்கள் மொத்தமாகத் திரும்பிப் பின்னால் ஓடினார்கள், மூலைக்கு மூலை சிதறினார்கள். நடுவில் யாரும் இல்லை.

நம்ம பையன் பந்தைக் கையில் வாங்கினான். வீசவில்லை. நேராக நடுவில் ஓடினான். அதைக்கூட ஓட்டம் என்று சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டவன் நடக்கிற நடை. கோட்டைத் தாண்டினான். பந்தைக் கீழே வைத்தான்.

ஒரு கணம் நாலாயிரம் பேரும் மூச்சு விடவில்லை. அப்புறம் விட்டார்கள்.

என்ன சத்தம்! பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பல் டாக்டர் புல்லில் உருண்டார். ஹோமர் ஸ்டாஸ்னி வேலியைத் தாண்டிக் குதித்து, வெர்லினின் வழுக்கையில் முத்தம் வைத்து, "பருந்துடா! பருந்தைக் காட்டிப் பன்னியை விட்டியேடா, படுபாவி!" என்று அழுதான். நாலு பேர் வெர்லினைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவன் கையில் இன்னும் அட்டை இருந்தது. கீழே பச்சைச் சட்டைகள் கடல் மாதிரி. பசங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கட்டிக்கொண்டு கிடந்தார்கள். கோச் மட்டும் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கார்லா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தோளில் ஏறும்போது வெர்லினுக்குப் பயம். சொன்னதைச் செய்யவில்லையே. பசங்கள் ஏன் வீசவில்லை என்றும் புரியவில்லை. ஆனால் ஒரு சுற்று சுற்றி இறங்குவதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. அவன்தான் திட்டம் போட்டிருக்கிறான். அவனுக்கே தெரியாமல் போட்டிருக்கிறான். மேதைகளுக்கு அப்படி நடக்கும் போலிருக்கிறது.

வண்டிகள் நிற்கிற இடத்தில் டோரீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். வெர்லின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து ஒரு ரோலை எடுத்துக்கொண்டான்.

"பாத்தியா? உன் பேச்சையும் அவர் பேச்சையும் கேட்டிருந்தா இந்நேரம் தோத்து உக்காந்திருப்போம். இனிமே என்னை ஏதாவது சொல்லுவே?"

"சொல்லமாட்டேன்," என்றாள் டோரீன். அவள் முகம் போர்டில் இருப்பதைவிட அழகாகச் சிரித்தது.

அந்த நேரம் கோச் வந்தார். வெர்லின் கையை நீட்டினான். கோச் அந்தக் கையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, அவனைத் தாண்டிப் போய் டோரீனைக் கட்டிக்கொண்டார்.

"அப்படியே நடந்துச்சு, டோரீன். நீங்க சொன்னதுல ஒரு இம்மி பிசகலை. எனக்குத்தான் கடைசி வரைக்கும் பயம். ஒருவேளை பன்னியையே தூக்கிட்டா என்ன பண்றதுன்னு."

"வேலிகிட்ட நின்னு நானும் ஒரு கத்து கத்தினேனே, அப்புறம் எப்படித் தூக்குவான்?"

வெர்லின் கையிலிருந்த ரோல் குழம்புக்குள் விழுந்தது.

"என்ன சொன்னே? யார்கிட்ட சொன்னே? எப்போ சொன்னே?"

"போன ஞாயிறு. நீ கோச் வீட்டுப் புல்லுல கூழாங்கல் அடுக்கிக்கிட்டு இருந்தப்போ. ஸ்டாண்டிஷ்காரங்க எப்பவுமே அட்டையை உளவு பாக்கறவங்களாம். அதான், நாள் முழுக்க உன் அட்டையை நிஜமாவே வெச்சு அவங்களை நம்ப வெச்சாச்சு. கடைசில கோச்சே பருந்துன்னு சொன்னா நீ குதிக்கற குதியிலேயே அவங்க உஷாராயிடுவாங்க; பன்னின்னு சொன்னாதான் நீயா பருந்தைத் தூக்குவே."

"அப்போ பசங்க?"

"கடைசி வாய்ப்புக்கு அட்டையைப் பாக்காதீங்க, நடுவுலயே முட்டுங்கன்னு கோச் வட்டத்துல சொல்லிட்டாரு."

"கார்லா?"

"கார்லாவுக்கும் சொல்லியாச்சு."

"எல்லாருக்கும் சொல்லியிருக்கீங்க! எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

டோரீன் ஒரு புது ரோலை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"உனக்கும் சொன்னோமே, வெர்லின். பன்னியைத் தூக்குன்னு கோச் சொன்னாரு, நானும் சொன்னேன். நீதான் தூக்கலை."